எஃப்/10 தொலைநோக்கியில் பிலிம் படம் சரியாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்து நேரத்தைத் திருத்தும் வழி

எஃப்/10 ஷ்மிட்-காஸெக்ரைன், எஃப்/15 மாக்சுடோவ், நீளக் குழாய் கொண்ட ரெஃப்ராக்டர். எஃப் எண் (குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்து வருவது) பெரிதாக இருக்கும் 'மெதுவான' தொலைநோக்கிகள் இவை. இவற்றின் பின்னால் பிலிம் கேமராவை மாட்டியவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: ஷட்டரை எவ்வளவு நேரம் திறந்து வைப்பது? படம் கெட்டுப்போனால் முதலில் மாற்றுவதும் அந்த நேரத்தைத்தான். அங்கேதான் ரோல் ரோலாகப் பிலிம் வீணாகிறது. கெட்டுப்போன படங்களில் பல, நேரத்தால் கெட்டவையே இல்லை. நேரத்தால் கெட்டவையும் நாம் நினைக்கிற அளவு நேரத்தைக் கூட்டினால் சரியாவதில்லை. அதனால் எண்ணைத் தொடுமுன் அறிகுறியைப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது நெகட்டிவை. பிரிண்டையோ ஸ்கேனையோ இல்லை. நெகட்டிவை ஒரு வெள்ளைத் திரைக்கு முன்னால் பிடித்து, ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் நடுவில் இருக்கும் வெற்று இடைவெளியைக் கவனியுங்கள். அந்த இடைவெளியில் வெளிச்சமே பட்டதில்லை. பிரேமுக்குள் இருக்கும் வானம் அதைவிட ஒரு சாயல் அடர்த்தியாக, பிரேமின் ஓரக்கோடு மெல்லிதாகக் கண்ணுக்குத் தெரிந்தால், வானமே பிலிமில் பதிந்திருக்கிறது என்று அர்த்தம். ஓரம் எங்கே என்றே தெரியவில்லை என்றால் எக்ஸ்போஷர் குறைவு. ஓரம் பளிச்சென்று தெரிந்து, உள்ளே முழுக்கச் சாம்பலாக இருந்தால் தேவைக்கு மேல் வெளிச்சம் புகுந்திருக்கிறது. ஸ்லைடு பிலிமில் இது தலைகீழ்: இடைவெளி கன்னங்கரேலென்று இருக்கும், வானம் அதைவிடக் கொஞ்சம் வெளுத்திருக்க வேண்டும். கீழே வருகிற எல்லாவற்றுக்கும் இந்த ஓரக்கோடுதான் அடிப்படை.

பிரிண்டில் வானம் சாம்பலாக, கிரெயினாக இருக்கிறது, நெகட்டிவ் பரவாயில்லை

இது எக்ஸ்போஷர் பிழை இல்லை. லேபின் தானியங்கி இயந்திரம் எந்தப் படத்தையும் சராசரிச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். முக்கால்வாசி கருப்பாக இருக்கும் வானப் படத்தை அது வெளுக்க வைத்துவிடும். ஸ்கேனரின் தானியங்கி அமைப்பும் அதையேதான் செய்யும். தானியங்கியை அணைத்துவிட்டு, அந்த வெற்று இடைவெளியைக் கருப்புப் புள்ளியாக வைத்து ஸ்கேன் செய்தால் உண்மையான படம் தெரியும். அதற்குப் பிறகுதான் நேரம் போதுமா போதாதா என்று முடிவெடுக்க முடியும்.

நட்சத்திரங்கள் நன்றாக வந்திருக்கின்றன. நெபுலா இல்லை, ஓரக்கோடும் தெரியவில்லை

மெதுவான தொலைநோக்கியின் முதன்மையான நோய் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

நட்சத்திரம் ஒரு புள்ளி. அது பிலிமில் எவ்வளவு அழுத்தமாகப் பதியும் என்பதைப் பெரும்பாலும் தொலைநோக்கியின் விட்டம் தீர்மானிக்கிறது. நெபுலா, அதாவது விண்வெளி வாயுமேகம், பரந்த பொருள். அதன் பிரகாசத்தைப் பிலிமில் தீர்மானிப்பது எஃப் எண், அதுவும் அதன் வர்க்கம். எஃப்/5-ல் கிடைக்கும் வெளிச்சத்தில் கால் பங்குதான் எஃப்/10-ல் ஒரு சதுர மில்லிமீட்டருக்குக் கிடைக்கும். எஃப்/15-ல் ஒன்பதில் ஒரு பங்கு. எட்டு அங்குலக் கண்ணாடி என்றாலும் நெபுலாவைப் பொறுத்தவரை அது எஃப்/10தான். நட்சத்திரம் வந்து நெபுலா வராமல் போவதன் காரணம் இதுவே.

சரி, நான்கு மடங்கு குறைவு என்றால் நான்கு மடங்கு நேரம் கொடுத்தால் போயிற்று என்று தோன்றும். டிஜிட்டலில் அது ஏறக்குறைய உண்மை. பிலிமில் பொய். சில்வர் ஹாலைடு துகள் ஒன்று டெவலப்பரில் கருக்க வேண்டுமானால், அதற்குள் சில வெள்ளி அணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு நிலையான புள்ளி உருவாக வேண்டும். ஒரு போட்டான் வந்து ஓர் அணுவை உண்டாக்குகிறது. அடுத்தது சீக்கிரம் வராவிட்டால் முதல் அணு சிதைந்து பழைய நிலைக்கே போய்விடுகிறது. ஓட்டைக் குடத்தில் சொட்டுச் சொட்டாக நீர் விடுவது போல: சொட்டு மெதுவானால் நிரம்பும் வேகம் மட்டும் குறையவில்லை, ஒழுகிப்போகும் பங்கும் கூடுகிறது. இதற்குத்தான் ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர் என்று பெயர். பிற்பாடு கருந்துளைக் கணக்கால் பெயர் பெற்ற கார்ல் ஷ்வார்ஸ்சைல்டு, 1900 வாக்கிலேயே நட்சத்திரங்களைப் படமெடுக்கும் தட்டுகளுக்காக இதை அளந்து ஓர் அடுக்குக்குறி விதியாக எழுதினார்.

இப்போது எண்களைப் போட்டுப் பாருங்கள். கோடாக் டிரை-எக்ஸ் 400 பிலிமுக்கு நிறுவனமே கொடுத்த பழைய அட்டவணையில், கேமராவின் ஒளிமீட்டர் 10 வினாடி சொன்னால் 50 வினாடி கொடுக்க வேண்டும். 100 வினாடி சொன்னால் 1200 வினாடி. அதாவது பத்து மடங்கு மங்கலான பொருளுக்கு இருபத்துநான்கு மடங்கு நேரம். இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸுக்குக் கொடுக்கும் கணக்கில், மீட்டர் சொல்லும் வினாடிகளை 1.31 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும். எஃப்.பி.4 பிளஸுக்கு 1.26. நம் வானப் படங்களின் நேரம் இந்தக் கணக்குகள் எழுதப்பட்ட எல்லையைத் தாண்டியதுதான், இருந்தாலும் முதல் மதிப்பீட்டுக்கு இவை போதும்.

எச்.பி.5-ல் எஃப்/5 கருவியில் 10 நிமிடத்தில் ஒரு நெபுலா நன்றாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். எஃப்/10-ல் அதே அடர்த்தி வேண்டும். நான்கு மடங்கு என்று 40 நிமிடம் கொடுத்தால் குறையும். நான்கை 1.31 அடுக்குக்கு உயர்த்தினால் 6.15 வருகிறது. ஆக ஒரு மணி நேரம். ஒரே ஒரு ஸ்டாப் (பதிவை இரு மடங்காக்கும் ஒரு படி) கூட்டவே 2.5 மடங்கு நேரம் வேண்டும்.

"நேரத்தை இரட்டித்தேன், ஒன்றும் மாறவில்லை" என்ற புகாருக்கும் இதுதான் பதில். இரட்டிப்பது ஒரு ஸ்டாப்கூட இல்லை. சோதனை ரோலில் 10, 15, 20 நிமிடம் என்று எடுப்பதில் பயனில்லை. மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 5, 12, 30, 75 என்று இரண்டரை மடங்காக ஏறுங்கள். அப்போதுதான் ஓரக்கோடு எந்தப் பிரேமில் முதலில் தெரிய ஆரம்பிக்கிறது என்று பிடிபடும். அந்தப் பிரேமின் நேரமே அந்தப் பிலிமுக்கும் அந்த வானத்துக்கும் உங்கள் அடிப்படை எண்.

மேற்கொண்டு நேரத்தைக் கூட்ட முடியாத நிலை வந்தால் வேறு மூன்று வழிகள் இருக்கின்றன. என் வரிசை இது:

முதலில் எஃப் எண்ணைக் குறையுங்கள். 0.63 மடங்கு ஃபோகல் ரெடியூசர் எஃப்/10-ஐ எஃப்/6.3 ஆக்குகிறது. வெளிச்சம் 2.5 மடங்கு கூடுகிறது. எச்.பி.5 கணக்குப்படி ஒரு மணி நேர எக்ஸ்போஷர் 18 நிமிடத்துக்கு இறங்கிவிடும். ரெசிப்ராசிட்டி நமக்குச் சாதகமாகத் திரும்புகிற ஒரே இடம் இது. நேரத்தில் போராடுவதைவிட இந்த ஒரு லென்ஸுக்குச் செலவழிப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, பிலிமை மாற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஃபூஜி ஆக்ராஸ் 100-க்கு 120 வினாடி வரை திருத்தமே தேவையில்லை, 1000 வினாடி வரை அரை ஸ்டாப் போதும். டிரை-எக்ஸ் 1200 வினாடி கேட்கிற இடத்தில் ஆக்ராஸின் திருத்தம் மிகச் சிறியது. காகிதத்தில் இரண்டு ஸ்டாப் மெதுவான பிலிம், நீண்ட எக்ஸ்போஷரில் 400-ஐ முந்திவிடும்.

மூன்றாவது, பொருளை மாற்றுங்கள். எம்31, எம்33 போன்ற பரந்து மங்கிய கேலக்ஸிகள் எஃப்/10-க்கு ஏற்றவை இல்லை. எம்57 வளைய நெபுலா சிறியது, ஆனால் சதுர மில்லிமீட்டருக்கு நல்ல பிரகாசம். எம்13 போன்ற கோளக் கொத்துகள் நட்சத்திரப் புள்ளிகளால் ஆனவை, விட்டம்தான் அங்கே வேலை செய்கிறது. எம்42 (ஓரியன் நெபுலா) மையம் எந்தப் பிலிமிலும் வரும். நீண்ட குவியத்தூரம் இவற்றுக்கெல்லாம் வரமே.

புஷ் பிராசஸிங் (வழக்கத்தைவிட அதிக நேரம் டெவலப் செய்வது) பற்றிக் கேட்பார்கள். ஒரு ஸ்டாப் புஷ் செய்தால் பதிந்ததற்கு மாறுபாடு கூடும். பதியாததைப் புஷ் கொண்டுவராது. ஓரக்கோடு லேசாகத் தெரிகிற நெகட்டிவுக்கு அது உதவும், தெரியாத நெகட்டிவுக்கு உதவாது.

நீண்ட எக்ஸ்போஷரில் வானம் முழுக்கப் புகைபோல அடர்ந்துவிட்டது

எஃப்/4 லென்ஸில் இது அன்றாடத் தொல்லை. எஃப்/10-ல் வான வெளிச்சமும் நெபுலாவைப் போலவே மங்கிப் பதிவதால், இருண்ட இடத்தில் இது அவ்வளவு சீக்கிரம் வராது. வந்தால் நேரத்தைக் குறைக்கும் முன் மற்ற காரணங்களைத் தேடுங்கள். நிலா இருந்ததா? மெல்லிய மேகம் ஊரின் விளக்கொளியைத் திருப்பி அனுப்பியதா? புகை பிரேமுக்குள் மட்டும் இருக்கிறதா, அல்லது இடைவெளியிலும் துளைகள் இருக்கும் ஓரத்திலும் பரவியிருக்கிறதா? ஓரம்வரை பரவியிருந்தால் அது வானம் இல்லை. கேமராவின் பின்மூடி வழியாக வெளிச்சம் கசிகிறது, அல்லது பிலிம் காலாவதியாகியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் அடர்த்தி என்றால் வியூஃபைண்டர் வழியாகக் கைவிளக்கின் ஒளி புகுந்ததா என்று பாருங்கள். எல்லாம் சுத்தம், வானமேதான் காரணம் என்றால் மட்டும் நேரத்தை 2.5 ஆல் வகுத்து ஒரு படி இறங்குங்கள்.

நிலா வெள்ளைத் தட்டாக வந்திருக்கிறது, அல்லது நிழல் பக்கம் காணாமல் போயிருக்கிறது

நிலாவில் ரெசிப்ராசிட்டிக் கவலை இல்லை, கணக்கு எளிது. பௌர்ணமி நிலாவுக்கு எஃப்/11-ல் ஷட்டர் வேகம் ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ். ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/10 என்றால் 1/125. முக்கால் நிலாவுக்கு 1/60, அரை நிலாவுக்கு 1/30, பிறைக்கு 1/15. எஃப்/15 கருவியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளுங்கள்.

கேமராவின் மீட்டரை நம்பினால்தான் வெள்ளைத் தட்டு வரும். சுற்றியுள்ள கருப்பு வானத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்து, அது அதிக நேரம் சொல்லும். அரை நிலாவில் ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டோரப் பள்ளங்கள் வேண்டுமானால் இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள், வெளிவிளிம்பு வெளுத்துப் போவதை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பிரேமில் வேண்டும் என்றால் ஸ்லைடை விட்டுவிட்டு நெகட்டிவ் பிலிமுக்கு மாறுவதுதான் வழி.

நிலாவோ கோளோ சரியான அடர்த்தியில் இருக்கிறது, ஆனால் கூர்மை இல்லை

2000 மி.மீ. குவியத்தூரத்தில் பிலிமின் ஒரு மில்லிமீட்டர் வானத்தில் 103 விநாடிக்கோணம் (ஒரு பாகையில் 3600 விநாடிக்கோணம்). நிலா சுமார் 18 மி.மீ. அகலத்தில் விழும். வானத்தைப் பின்தொடரும் மோட்டார் ஓடவில்லை என்றால் வானம் வினாடிக்கு 15 விநாடிக்கோணம் நகர்கிறது, பிலிமில் அது 0.15 மி.மீ. 1/15 வினாடியில் 10 மைக்ரான்தான் நகரும், கவலை இல்லை. 1/4 வினாடியில் 36 மைக்ரான், மங்கல் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மோட்டார் ஓடியும் மங்கல் என்றால் சந்தேகம் கேமராவின் மேல். கண்ணாடி மேலே அடிப்பதும் ஷட்டர் திரை ஓடுவதும் குழாயையே அதிர வைக்கும். 1/60 முதல் ஒரு வினாடி வரையிலான வேகங்களில்தான் இந்தப் பாதிப்பு அதிகம். மெதுவான தொலைநோக்கிக்கு வேண்டிய வேகங்களும் துரதிர்ஷ்டவசமாக அங்கேதான் விழுகின்றன. ஒலிம்பஸ் ஓ.எம்.-1, நிக்கான் எஃப்2 போல கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். இவை பேட்டரி இல்லாமலே பி (பல்ப்: பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருப்பது) அமைப்பில் எவ்வளவு நேரமும் திறந்திருக்கும் என்பது நெபுலாப் படங்களுக்கும் வசதி.

அரை வினாடிக்கு மேல் என்றால் ஷட்டரையே நம்ப வேண்டாம். ஒரு கருப்பு அட்டையைக் குழாயின் வாய்க்கு முன்னால், குழாயைத் தொடாமல் பிடியுங்கள். கேபிள் ரிலீஸால் பி-யில் ஷட்டரைத் திறந்து பூட்டுங்கள். ஐந்தாறு வினாடி அதிர்வு அடங்கட்டும். அட்டையைச் சட்டென்று விலக்கி, எண்ணி, திரும்ப மறையுங்கள். அப்புறம் ஷட்டரை மூடுங்கள். கொஞ்சம் பழகினால் அரை வினாடியைக் கையாலேயே சீராகக் கொடுக்க முடியும்.

கோள் மிகச் சிறியதாக அல்லது மிக மங்கலாக இருக்கிறது

நேரடிக் குவியத்தில், அதாவது ஐபீஸ் இல்லாமல் எடுத்தால், வியாழன் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. ஐபீஸ் வழியாகப் பெரிதாக்கும்போது எஃப் எண்ணும் கூடவே ஏறுகிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 15 மி.மீ. ஐபீஸ், அதிலிருந்து 105 மி.மீ. தூரத்தில் பிலிம் என்றால், 105-ஐ 15-ஆல் வகுத்து ஒன்றைக் கழிக்க வேண்டும்: ஆறு மடங்கு. எஃப்/10 கருவி எஃப்/60 ஆகிவிட்டது. வெளிச்சம் 36-ல் ஒரு பங்கு.

வியாழன் சூரியனிலிருந்து நம்மைவிட 5.2 மடங்கு தூரம், அதனால் அதன் மேல் விழும் ஒளி 27-ல் ஒரு பங்கு. ஆனால் நிலாவைவிட நான்கு மடங்குக்கு மேல் நன்றாகப் பிரதிபலிக்கும் மேகங்கள் அதற்கு உண்டு. இரண்டையும் சேர்த்தால் பரப்புப் பிரகாசம் பௌர்ணமி நிலாவில் ஆறில் ஒரு பங்கு. சனி அதிலும் கால் பங்கு. ஐ.எஸ்.ஓ. 400, எஃப்/60 என்றால் வியாழனுக்குச் சுமார் அரை வினாடி, சனிக்கு இரண்டு வினாடி. இங்கிருந்து ஒவ்வொரு ஸ்டாப்பாக மேலும் கீழும் எடுங்கள். ஒரே நேரத்தில் ஐந்தாறு பிரேமாவது வேண்டும், ஏனென்றால் காற்று அசையாமல் நின்ற அந்தக் கணம் எந்தப் பிரேமில் விழுந்தது என்று டெவலப் செய்த பிறகுதான் தெரியும்.

நட்சத்திரங்கள் கோடாக அல்லது முட்டை வடிவில் இருக்கின்றன

நேரத்தைக் குறைத்தால் கோடு குறையும், நெபுலாவும் போய்விடும். எந்தத் திசையில் நீண்டிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு சோதனைப் பிரேமின் முடிவில் மோட்டாரை நிறுத்திவிட்டு 20 வினாடி ஷட்டரைத் திறந்தே வையுங்கள். பிரகாசமான நட்சத்திரங்கள் மூன்று மில்லிமீட்டர்வரை கோடு போடும். அதுதான் கிழக்கு-மேற்கு.

நீட்சி அந்தத் திசையிலேயே இருந்தால் மோட்டார் சுழற்றும் வார்ம் கியரின் (திருகுப் பற்சக்கரத்தின்) ஏற்ற இறக்கம். 180 பல் கொண்ட சக்கரத்தில் அது எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும், கைடிங்கில் (எக்ஸ்போஷர் முழுக்க ஒரு நட்சத்திரத்தைக் கண்காணித்தபடி) கவனமாகத் திருத்த வேண்டியதுதான். வடக்கு-தெற்காக நீண்டிருந்தால் துருவத்தை நோக்கி மவுண்ட் (தொலைநோக்கியின் தாங்கி) சரியாக நிற்கவில்லை. ஐந்து நிமிடக்கோணம் விலகினாலே நிமிடத்துக்கு 1.3 விநாடிக்கோணம் வரை நழுவும். கைடிங் ஒழுங்காக நடந்தும் எல்லா நட்சத்திரமும் ஒரே பக்கம் நீண்டிருந்தால், கைடு தொலைநோக்கி தனியே வளைகிறது அல்லது காஸெக்ரைனின் முதன்மைக் கண்ணாடி எக்ஸ்போஷர் நடுவில் சாய்கிறது. ஆஃப்-ஆக்ஸிஸ் கைடர் (அதே தொலைநோக்கியின் ஒளியில் ஒரு சிறு பங்கை எடுத்துக் கைடு செய்ய உதவும் கருவி) இரண்டையும் தீர்க்கும். ஒரு மணி நேர எக்ஸ்போஷருக்கு அது இல்லாமல் முயல வேண்டாம் என்பேன்.

நட்சத்திரங்கள் வட்டம்தான், ஆனால் ஊதியிருக்கின்றன

ரோல் முழுக்க ஒரே அளவு ஊதியிருந்தால் ஃபோகஸ். எஃப்/10-ல் வழக்கமான ஸ்ப்ளிட் திரை பாதி கருத்துப் போய்விடும், மங்கலான ஒளிக்கான தெளிவுத் திரை அல்லது கத்தி முனைச் சோதனை (ஒளிக்கற்றையைக் கத்தி முனையால் மறைத்து ஃபோகஸ் பார்ப்பது) வேண்டும். முதல் பிரேம் கூர்மையாகவும் அடுத்தடுத்தவை ஊதியும் இருந்தால் லென்ஸில் பனி படிந்திருக்கிறது. இதில் ஒரு சிக்கல்: பனி படிந்த படம் எக்ஸ்போஷர் குறைந்த படம் போலவே இருக்கும், நேரத்தைக் கூட்டக் கூட்ட நிலைமை மோசமாகும். படம் முடிந்ததும் லென்ஸைச் சாய்வாக விளக்கடித்துப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். நடுவில் மட்டும் ஊதி ஓரங்கள் கூர்மை என்றால், ஈரக் காற்றில் பிலிம் வளைந்திருக்கிறது. பிலிமை நகர்த்தியதும் உடனே தொடங்காமல் சில நிமிடம் விட்டு எடுங்கள்.

சிவப்பு நெபுலா வரவில்லை, மற்றதெல்லாம் வந்திருக்கிறது

நேரம் கூட்டிப் பயனில்லை. ஹைட்ரஜன் நெபுலாக்கள் ஒளிர்வது 656 நானோமீட்டரில். பிலிமின் விவரத்தாளில் உள்ள நிற உணர்திறன் கோடு அங்கே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ரெசிப்ராசிட்டியில் முதலிடம் பிடித்த ஆக்ராஸ் இங்கே தோற்கிறது, அதன் கோடு 656-க்கு முன்பே விழுந்துவிடுகிறது. இப்போது உற்பத்தியில் இல்லாத கோடாக் டெக்னிகல் பேனை ஹைட்ரஜன் கலந்த வாயுவில் ஊறவைத்துப் பயன்படுத்தியவர்கள் இன்றும் அதைத் தேடுவதற்கு, அதன் ஆழ்ந்த சிவப்பு உணர்திறனும் ஒரு காரணம்.

மூலைகள் மட்டும் இருண்டிருக்கின்றன

1.25 அங்குல அடாப்டர். 35 மி.மீ. பிரேமின் மூலைவிட்டம் 43 மி.மீ., அந்தக் குழாய் வழியாக அது முழுக்க ஒளி பெறாது. இரண்டு அங்குல அடாப்டர் அல்லது நேரடித் திருகு இணைப்பு போடுங்கள்.

லேப் பிரேமின் நடுவில் வெட்டிவிட்டது

கருப்பு வானத்தில் பிரேம் எங்கே தொடங்குகிறது என்று வெட்டுபவருக்குத் தெரியாது. ரோலின் முதல் பிரேமைப் பகலில் சாதாரணக் காட்சியாக எடுத்துவிடுங்கள், உறையின் மேல் "டெவலப் மட்டும், வெட்ட வேண்டாம்" என்று பெரிதாக எழுதுங்கள். சுருளாகத் திரும்ப வந்த பிலிமில் 5, 12, 30, 75 நிமிடப் பிரேம்களை அடுத்தடுத்து வைத்து ஓரக்கோட்டைத் தேடவும் அதுவே வசதி.